கான்செப்ட்டைச் சோதிக்க எந்த வார்கேம்: பேச்சா, மேப்பா, கம்ப்யூட்டரா, நிஜக் கப்பலா?

சண்டை போடுற ஒரு யோசனை வேலைக்கு ஆகுமான்னு ஆட்டமா ஆடிப் பாக்குறதுதான் வார்கேம், அதை எந்த வழியில ஆடுறதுன்னு போன மாசம் மட்டும் மூணு பேர் வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க. ஒருத்தர் டிஃபென்ஸ் ஸ்டடீஸ் எம்.ஏ. படிக்கிறவர், ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கான்செப்ட் எழுதியிருக்கார், அதை வார்கேம் பண்ணிப் பாருன்னு கைடு சொல்லிட்டாராம், எப்படின்னு மட்டும் சொல்லல. ரெண்டாவது ஆள் கோடிங் பண்றவர், பைத்தான்ல பத்தாயிரம் தடவை ஓட்டிட்டா மேட்டர் முடிஞ்சுதேங்கிறார். மூணாவது ஹாபி கேமர், மேப்பும் கவுன்டரும் (படையைக் காட்டுற சின்னக் காய்) வச்சு ஆடுறவர், கம்ப்யூட்டர்ல ஆடுறதெல்லாம் வார்கேமே இல்லங்கிற கட்சி. தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதனால மொத்தமா எழுதிடுறேன்.

கான்செப்ட்னா ஆயுதமும் இல்ல, ப்ளானும் இல்ல, "இப்படி சண்டை போட்டா வேலைக்கு ஆகும்"ங்கிற ஒரு யோசனை. கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடிச்சுக்குவோம்: பெரிய போர்க்கப்பல் இல்லாத ஒரு நாடு, ஆளில்லாத சின்னப் படகையும் கரையில நிறுத்தின ஏவுகணையையும் மட்டும் வச்சு ஒரு பெரிய கடற்படையைக் கிட்ட வரவிடாம பண்ண முடியுமா? சும்மா கற்பனை இல்ல இது. 2022 ஏப்ரல்ல உக்ரைன் ரெண்டு நெப்டியூன் ஏவுகணையில ரஷ்யாவோட மாஸ்க்வா போர்க்கப்பலைக் கவுத்துச்சு, 2024 பிப்ரவரில இவானோவெட்ஸ், த்ஸேசர் குனிக்கோவ்னு ரெண்டு ரஷ்யக் கப்பலை ஆளில்லாப் படகு வச்சே முடிச்சாங்க. ஆனா கருங்கடல்ல நடந்துச்சுங்கிறதுக்காக எல்லாக் கடல்லயும் நடக்குமா, எதிராளி அடுத்த தடவையும் அதே மாதிரி வந்து நிப்பானா, அதைத்தான் சோதிக்கணும்.

## எதை வச்சு அளக்குறது

வழியைத் தேடுறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வியைக் கேட்டுக்கோங்க.

- எதிர்ப்பக்கம் ஆடுறது யோசிக்கிற ஆளா, இல்ல சொன்னதைச் செய்யுற பொம்மையா?
- அதே ஆட்டத்தை எத்தனை தடவை திருப்பி ஆடலாம்? ஒரு தடவை ஆடி வந்த முடிவுங்கிறது ஒரே ஒரு தடவை டைஸ் உருட்டின மாதிரிதான்.
- ரூல் எல்லாம் வெளிய தெரியுதா? "படகு ஏன் மூழ்குச்சு"ன்னு கேட்டா விரல் வச்சுக் காட்ட ஒரு இடம் இருக்கா?
- காசு, நாள், ஆள் எவ்ளோ?
- பிடிக்காத முடிவு வந்தா அதை மாத்துற அதிகாரம் யாருகிட்ட இருக்கு?

கடைசிக் கேள்விதான் எல்லாரும் விட்டுடுறது, நாம சோதிக்கிறது யாரோ ஒரு பெரிய மனுஷனோட செல்லக் கான்செப்ட்டா இருந்தா முக்கால்வாசி வில்லங்கம் அங்கருந்துதான் வரும்.

## ஒண்ணு: டேபிளைச் சுத்தி உக்காந்து பேசுறது

செமினார் கேம்னு சொல்லுவாங்க. ஒரு சூழ்நிலையைச் சொல்லி "நீ என்ன பண்ணுவ, அதுக்கு நீ என்ன பண்ணுவ"ன்னு பேசிக்கிட்டே போறது. அமெரிக்கப் படைக்காரங்களே இதை போக்சாட்னு கிண்டல் பண்ணுவாங்க, டேபிளைச் சுத்தி உக்காந்த ஆம்பளைக் கூட்டம்னு அர்த்தம். கொஞ்சம் ஒழுங்கான வடிவம் மேட்ரிக்ஸ் கேம், 1988ல கிறிஸ் எங்கிள்ங்கிறவர் கொண்டு வந்தது. நீங்க ஒரு விஷயம் நடக்கும்னு சொல்லி ஏன் நடக்கும்னு ரெண்டு மூணு காரணம் கொடுக்கணும், மத்தவங்க ஏன் நடக்காதுன்னு சொல்லுவாங்க, வலுவான காரணத்துக்கு ஒரு புள்ளி கூட்டி, வலுவான மறுப்புக்கு ஒண்ணு குறைச்சு ரெண்டு டைஸ் உருட்டணும், ஏழும் அதுக்கு மேலயும் வந்தா நடந்துடுச்சு. ஒண்ணும் கூட்டாம குறைக்காம உருட்டினா 36க்கு 21, அதாவது 58 சதவீத சான்ஸ், பொதுவா நடக்கும்ங்கிற பக்கமே லேசா சாஞ்சிருக்கும், இதை மனசுல வச்சுக்கோங்க.

செலவு டீயும் பிஸ்கட்டும். மறைஞ்ச செலவு என்னன்னா வாய். நாங்க ஆறு பேர் இந்தப் படகு கான்செப்ட்டை மேட்ரிக்ஸா ஆடினோம், அதுல ஒருத்தன் சட்டம் படிச்சவன், அவன் எது சொன்னாலும் மூணு காரணம் கோர்வையா வரும், ஒரே மத்தியானத்துல அவனோட படகுக்கூட்டம் ராத்திரியில நூறு கிலோமீட்டர் போய் ஒரு கப்பல் படையையே காலி பண்ணிட்டு வந்துடுச்சு. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருந்த நாகப்பட்டினத்துப் பையன் அப்பதான் "வருஷம் பூரா மாசிக் கடல் மாதிரியேவா கிடக்கும்? குளிர்காலத்துல அலை எந்திரிச்சா அந்த சைஸ் படகு எங்க போறது, அதுல இருக்கிற கேமராவுக்கு என்ன தெரியும்?"னு கேட்டான். யாருகிட்டயும் பதில் இல்ல. ரெண்டு மணி நேரம் ஆடினதுல உருப்படியா கிடைச்சது அந்த ஒரு கேள்விதான். அதுக்காகவே இந்த வழி நல்லதுன்னு சொல்லுவேன்.

எப்ப இது சரி: கான்செப்ட் இன்னும் அரைவேக்காடா இருக்கும்போது, அரசியல், கூட்டணி, மக்கள் எப்படி எடுத்துக்குவாங்கங்கிற மாதிரி நம்பர்ல அடங்காத விஷயம் நிறைய இருக்கும்போது. எப்ப தப்பு: "எத்தனை படகு வேணும்"னு கேக்கும்போது. பேசிப் பேசி நம்பர் வராது.

## ரெண்டு: மேப், கவுன்டர், அம்பயர்

இதுதான் பழைய பாட்டை. 1824ல பிரஷ்யாவுல (பழைய ஜெர்மன் ராஜ்ஜியம்) ரைஸ்விட்ஸ்ங்கிற லெப்டினன்ட், தன் அப்பா ஆரம்பிச்சு வச்ச கிரீக்ஸ்பீல்ங்கிற போர் ஆட்டத்தை செதுக்கி ராணுவத்துக்குக் காட்டினார். 1:8000 அளவுல நிஜ மேப், ஒரு டர்ன்னா ரெண்டு நிமிஷம், அடிச்சா எவ்ளோ சேதம்னு டேபிள், அதுக்கு டைஸ், நடுவுல ஒரு அம்பயர். ரெண்டு பக்கத்துக்கும் அவங்கவங்களுக்குத் தெரியவேண்டியது மட்டும்தான் தெரியும். ரூல் புக் பெருத்துப்போய் ஆடுறதே தண்டனைன்னு ஆனப்புறம், 1876ல வெர்டி டு வெர்னுவாங்கிற தளபதி அந்த சேதக் கணக்கு டேபிளைத் தூக்கிப் போட்டுட்டு அனுபவசாலி அம்பயரே முடிவு சொல்லட்டும்னார். ரூலை நம்புறதா ஆளை நம்புறதாங்கிற அந்தத் தகராறு இன்னைக்கும் தீரல.

இந்த வழியோட அழகைப் பாக்கணும்னா லிவர்பூலுக்குப் போகணும். 1942 ஜனவரி, டெர்பி ஹவுஸ்ங்கிற கட்டடத்துல மேல் மாடி. காசநோய்னு நேவியிலருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த கில்பர்ட் ராபர்ட்ஸ்ங்கிற ஆபீசரைத் திரும்பக் கூப்பிட்டு, ஜெர்மன் நீர்மூழ்கிங்க சரக்குக் கப்பலை எப்படி அடிக்குதுன்னு கண்டுபிடின்னு சொல்றாங்க. அவருக்குக் கொடுத்த ஆளுங்க பெரும்பாலும் ரென்ஸ்னு சொல்ற பெண்கள் படைப் பொண்ணுங்க, கடல்ல சண்டையே பாக்காதவங்க. தரை முழுக்க லினோலியம், அதுதான் கடல். பாதுகாப்புக் கப்பல் போற பாதையை வெள்ளை சாக்பீஸ்ல போடுவாங்க, நீர்மூழ்கி போற பாதை பச்சையில. ஆடுற ஆபீசருங்க கேன்வாஸ் திரைக்குப் பின்னாடி நின்னு சின்ன ஓட்டை வழியாத்தான் பாக்கணும், அந்தத் தூரத்துல அந்தப் பச்சைக் கோடு கண்ணுக்குத் தெரியாது. எவ்ளோ சிம்பிள் பாருங்க, ஒரு சாக்பீஸ் கலர்ல "எதிரி எங்க இருக்கான்னு தெரியாது"ங்கிறதைக் கொண்டுவந்துட்டாங்க.

அங்க கிடைச்ச பெரிய விடை இது: கப்பல் கூட்டத்துக்கு நடுவுல போற கப்பலே அடிவாங்குதேன்னு டார்பிடோ போகிற தூரத்தை வச்சுக் கணக்குப் போட்டா, நீர்மூழ்கி வெளியிலருந்து சுடல, ராத்திரியில பின்பக்கமா தண்ணிக்கு மேலயே வந்து கூட்டத்துக்குள்ள நுழைஞ்சுதான் சுடுது. அதுவரைக்கும் பாதுகாப்புக் கப்பலுங்க எல்லாம் வெளிப்பக்கமா ஓடித் தேடிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கு மாத்தா ஒரு தேடுற முறையைத் தரையிலயே ஆடி உருவாக்கினாங்க, ராஸ்பெரின்னு பேரு, பேர் வச்சது ஜீன் லெய்ட்லாங்கிற ரென். போர் முடியுறதுக்குள்ள கிட்டத்தட்ட 5,000 ஆபீசருங்க அந்தத் தரையில ஆடிட்டுப் போனாங்க. அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன், அவரே நீர்மூழ்கிக்காரர், ஆடிப் பாத்து ஒவ்வொரு தடவையும் தோத்தாராம், எதிர்ப்பக்கம் ஆடினது ஜேனட் ஒக்கெல்னு ஒரு சின்னப் பொண்ணு.

இதே வழியோட இருட்டுப் பக்கம் அதே வருஷம் மே மாசம் ஜப்பான்ல. யமாட்டோ கப்பல்ல, பசிபிக்ல அமெரிக்கா கையில இருந்த மிட்வே தீவு மேல நடத்தப்போற தாக்குதலை மேசையில ஆடிப் பாக்குறாங்க, அம்பயர் உகாக்கிங்கிற ஜப்பான் அட்மிரல். டைஸ் உருட்டினா ஜப்பான் விமானந்தாங்கிக் கப்பலுங்க மேல ஒன்பது குண்டு, அகாகியும் காகாவும் போச்சு. உகாக்கி அதை மூணு குண்டுன்னு மாத்தினார், அகாகி பிழைச்சுது, அடுத்த ரவுண்டுல காகாவும் உயிரோட வந்துடுச்சு. ஜூன்ல நிஜமாவே நாலு விமானந்தாங்கிக் கப்பல் போச்சு. இதை எல்லாரும் "பாத்தியா, ஏமாத்தினான்"னு சொல்லுவாங்க. எனக்கு அதுல முழுச் சம்மதம் இல்ல. ஆட்டத்துல குண்டு போட்டது தீவுலருந்து வந்த விமானம், நிஜத்துல அந்தத் தீவு விமானம் ஒண்ணுகூட விமானந்தாங்கிக் கப்பலை அடிக்கல, முடிச்சது அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்லருந்து வந்த டைவ் பாம்பருங்க. அதாவது ஒன்பது அதிகம்னு அவர் நினைச்சதுல நியாயம் இருக்கு. தப்பு எங்கன்னா, "நாம தீவை அடிச்சுக்கிட்டு இருக்கும்போது பக்கவாட்டுல அமெரிக்கக் கப்பல் வந்தா என்ன பண்றது"ங்கிற கேள்வி அந்த மேசையில எழும்புச்சு, யாரும் அதைப் பிடிச்சு இழுக்கல. நம்பரைத் திருத்துறது சில சமயம் நியாயம், கேள்வியை அமுக்குறதுதான் ஆபத்து.

இப்பவும் பெரிய ஆய்வுக்கூடங்க இந்த வழியைத்தான் புடிச்சிருக்கு. அமெரிக்க ஆய்வு நிறுவனமான ரேண்ட் 2014, 2015ல பால்டிக் நாடுகள் மேல ரஷ்யா பாஞ்சா என்ன ஆகும்னு மேப்புல திரும்பத் திரும்ப ஆடிச்சு, எவ்ளோ நீட்டிச்சாலும் 60 மணி நேரத்துல எஸ்டோனியா, லாட்வியா தலைநகருங்களான தாலின், ரீகா வாசல்ல ரஷ்யப் படை நிக்குதுன்னு முடிவு. சி.எஸ்.ஐ.எஸ்.ங்கிற இன்னொரு அமெரிக்க ஆய்வு நிறுவனம், தைவான் மேல சீனா பாஞ்சா என்ன ஆகும்ங்கிற ஆட்டத்தை 2023 ஜனவரில வெளியிட்டுச்சு, 24 தடவை ஆடினாங்க, பெரும்பாலும் சீனா தோத்துடுது, ஆனா அமெரிக்காவோட தொலைதூர கப்பல் எதிர்ப்பு ஏவுகணை முதல் வாரத்துக்குள்ளயே காலியாகிடுது. எனக்கு ஜெயிச்சது தோத்ததை விட அந்த ஸ்டாக் மேட்டர்தான் பெருசு, ஏன்னா யாரு அம்பயரா இருந்தாலும், டைஸ் எப்படி விழுந்தாலும் அது மாறல.

மறைஞ்ச செலவு: நல்ல அம்பயர். பொட்டியில வராது. ரூல் எழுத ரெண்டு மூணு மாசம் சாதாரணமா ஓடும், ஆடுறது ரெண்டு நாள்தான். அப்புறம் ஆளை மாத்தி ஆடணும். ஆடுபுலி ஆட்டம் ஆடினவங்களுக்கு இது சொல்லத் தேவையில்ல, மூணு புலிக்கும் பதினஞ்சு ஆட்டுக்கும் வேலையே வேற, புலி ஜெயிச்சா புலி பலமா, இல்ல ஆடு வச்சவன் தத்தியான்னு ஒரே ஆட்டத்துல எப்படித் தெரியும்?

## மூணு: கம்ப்யூட்டர் சிமுலேஷன்

கோடிங் நண்பருக்காக இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாப்போம். சண்டையைக் கணக்கா போடுறதுக்கு 1916லருந்து இருக்கிற லான்செஸ்டர் சமன்பாடுதான் முதல் படி. இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 7, தரம் ஒண்ணுதான்னு வச்சுக்கோங்க. எல்லாரும் எல்லாரையும் குறிவச்சு சுடலாம்னா வர்க்க விதி: 10, 7 ரெண்டையும் வர்க்கமாக்கி 100ல 49 போனா 51, அதோட வர்க்கமூலம் கிட்டத்தட்ட ஏழு. 7 பேரும் செத்து முடியும்போது பத்துல ஏழு பேர் நிக்கிறான். ஒருத்தனை ஒருத்தன்தான் அடிக்க முடியும், இல்ல கண்ணு தெரியாம பொத்தாம்பொதுவா சுடுறான்னா நேர் விதி: 10ல 7 போனா மூணு பேர்தான் மிச்சம். ஏழா மூணா? ப்ரோகிராம் கோடுல ஒரே ஒரு வரிதான் வித்தியாசம். இந்த வரியை நீங்க எழுதின நிமிஷமே பதில் முடிவாயிடுச்சு, அதுக்கப்புறம் பத்தாயிரம் தடவை ஓட்டினா அந்தப் பதிலுக்கு அழகா ஒரு கிராஃப் கிடைக்கும், அவ்ளோதான்.

அதுக்காக வேண்டாம்னு சொல்லல. படகுக் கான்செப்ட்ல "ஒரு கப்பலுக்கு எத்தனை படகு அனுப்பினா ஒண்ணாவது உள்ள போகும், கேமரா தூரம் பாதியாயிட்டா எத்தனை"ன்னு கேட்டா இதை விட்டா வேற வழியே இல்ல, மனுஷன் உக்காந்து அத்தனை தடவை ஆட முடியாது. நாகப்பட்டினத்துப் பையன் கேட்ட அலை உயரத்தை ஒரு இன்புட்டா போட்டு ஏத்தி இறக்கிப் பாக்கலாம். கோடு எழுத வராதவங்களுக்கு கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ் மாதிரி ரெடிமேட் கம்ப்யூட்டர் கேம் இருக்கு, 2019ல வந்தது, ராணுவங்களுக்குன்னு தனி ப்ரொஃபஷனல் எடிஷனும் உண்டு. கப்பல், ரேடார், ஏவுகணை டேட்டாபேஸ் பாத்தா மிரண்டுடுவீங்க.

அந்த மிரட்சிதான் மறைஞ்ச செலவு. ஸ்க்ரீன்ல தசம புள்ளியோட நம்பர் வந்தா யாரும் எதிர்த்துக் கேக்க மாட்டாங்க, அதே விஷயத்தை நீங்க வாயால சொல்லியிருந்தா பத்து கேள்வி வந்திருக்கும். அந்த நம்பர்ல பாதி வெளிய கிடைக்கிற தகவலை வச்சுப் போட்ட கணிப்பு. அப்புறம் எதிராளி: கம்ப்யூட்டர் எதிராளி நீங்க கொடுத்த மிஷனைத்தான் பண்ணும், தோத்துட்டு இருக்கோம்னு கோவம் வந்து வேற ரூட்ல வராது.

## நாலு: நிஜ ஆள், நிஜக் கப்பல்

காசு உள்ளவங்க ஆட்டம். நம்ம வாசகருங்க யாரும் இதைத் தேர்ந்தெடுக்கப் போறதில்லன்னாலும் மத்த மூணையும் புரிஞ்சுக்க இது தெரியணும். இதோட சிறப்பு, பேப்பர்ல தெரியாத உராய்வு வெளிய வந்துடும்: ரேடியோ வேலை செய்யாது, டீசல் லேட்டா வரும், தூங்காத ஆள் தப்பு பண்ணுவான்.

கெட்ட உதாரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மில்லேனியம் சேலஞ்ச் 2002. நிஜப் படையையும் கம்ப்யூட்டர் சிமுலேஷனையும் கலந்து அமெரிக்கா நடத்தினது, செலவு 25 கோடி டாலர், ஆள் 13,500 பேர், சோதிச்சது "வேகமா அடிச்சு எதிரியோட முழு அமைப்பையும் குலைச்சுடலாம்"ங்கிற அன்னைய ஃபேஷன் கான்செப்ட். எதிர்ப்பக்கம் பால் வான் ரைப்பர், ஓய்வு பெற்ற மரைன் ஜெனரல். ரேடியோவை ஒட்டுக் கேப்பாங்கன்னு மோட்டார் சைக்கிள்ல ஆள் அனுப்பி செய்தி சொன்னார், விளக்கு சிக்னல் காட்டி விமானம் கிளப்பினார், சின்னப் படகை விட்டு கப்பல் எங்கன்னு பாத்துட்டு, முந்திக்கிட்டு ஏவுகணையை மொத்தமா கொட்டினார். 16 கப்பல் காலி, அதுல ஒரு விமானந்தாங்கி. நம்ம படகுக் கான்செப்ட்டேதான்! உடனே ஆட்டத்தை நிறுத்தி கப்பலையெல்லாம் மிதக்க விட்டாங்க. அதுக்கப்புறம் ரேடாரை ஆன் பண்ணி வை, அடிவாங்கட்டும்னு அவருக்கு உத்தரவு, அவர் வெறுத்துப்போய் விலகிட்டார்.

ஒண்ணு சொல்லியாகணும், கப்பலை மிதக்க விட்டது மட்டும் எனக்குத் தப்பாத் தெரியல. அத்தனை ஆயிரம் பேரைக் கூட்டி வச்சுட்டு ரெண்டாவது நாளே வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல முடியாது, பயிற்சியும் அதுக்குள்ளதான் இருக்கு. இதுதான் இந்த வழியோட பெரிய மறைஞ்ச செலவு, இவ்ளோ காசு போட்டப்புறம் தோக்குறதுக்கு யாருக்கும் அனுமதி இல்ல. திருப்பி ஆடவும் முடியாது. கப்பலை மிதக்க விட்டுட்டு அந்த முதல் ரவுண்டையும் எழுதி வச்சிருக்கலாம், எதிராளி கையைக் கட்டிட்டு "கான்செப்ட் பாஸ்"னு சொன்னதுதான் பிரச்சினை. ஆறு வருஷம் கழிச்சு 2008ல அதே கட்டளையகத்துக்கு வந்த ஜெனரல் மேட்டிஸ், அந்தக் கான்செப்ட்டோட முதுகெலும்பா இருந்த விளைவு சார்ந்த போர்முறைங்கிற பேச்சையே நிறுத்தச் சொல்லிட்டார்.

நல்ல உதாரணம் நியூபோர்ட்ல இருக்கிற அமெரிக்க நேவல் வார் காலேஜ். ரெண்டு உலகப்போருக்கு நடுவுல அங்க தரையில ஆடின ஆட்டத்துல, விமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பாம மொத்தமா ஒரே அலையா அனுப்பினாதான் பலன்னு தெரிஞ்சுது. அங்க இருந்த ரீவ்ஸ்ங்கிற ஆபீசர் 1925ல கடலுக்குப் போய் லாங்லிங்கிற விமானந்தாங்கிக் கப்பல்ல அதை நிஜமா பண்ணிப் பாத்தார், பத்துப் பதினஞ்சு விமானம் ஓட்டின கப்பல்ல நாப்பதுக்கு மேல ஓட்ட வச்சார். 1929 கடற்பயிற்சியில சரடோகாங்கிற விமானந்தாங்கியைத் தனியாப் பிரிச்சுக் கொண்டுபோய் பனாமா கால்வாயைத் தாக்கிக் காட்டினாங்க, அம்பயர் கணக்குல அந்த சரடோகாவும் அன்னைக்கே மூழ்கிடுச்சு, அதையும் மறைக்கல. ஜப்பானுக்கு எதிரா அமெரிக்க பசிபிக் கடற்படையை நடத்தின அட்மிரல் நிமிட்ஸ் பின்னாடி, கமிகாஸேங்கிற தற்கொலை விமானத் தாக்குதலைத் தவிர ஜப்பான் போர்ல எதுவும் புதுசா இல்ல, எல்லாம் நியூபோர்ட்ல ஆடினதுதான்னு சொன்னார்.

## பக்கத்துல பக்கத்துல வச்சா

| வழி | எதிராளி | திருப்பி ஆட | ரூல் தெரியுமா | மறைஞ்ச செலவு | எதுக்கு |
|---|---|---|---|---|---|
| பேச்சு | யோசிப்பான் | சுலபம், ஆனா ஒவ்வொண்ணும் வேற கதை | கம்மி | வாய்ச் சவடால் | கேள்வி தேட |
| மேப், அம்பயர் | யோசிப்பான் | பத்து, இருபது தடவை | நல்லாத் தெரியும் | அம்பயர், ரூல் எழுதுற மாசங்க | கான்செப்ட்டை உடைக்க |
| கம்ப்யூட்டர் | பொம்மை | ஆயிரக்கணக்குல | கோடு படிக்கத் தெரிஞ்சா | நம்பர் மேல மயக்கம் | எத்தனை, எவ்ளோ தூரம் |
| நிஜப் படை | யோசிப்பான், விட்டா | ஒரு தடவை | பாதி | தோக்க அனுமதி இல்ல | மனுஷனால முடியுமான்னு பாக்க |

## அப்ப யாருக்கு எது

எம்.ஏ. ப்ராஜெக்ட்காரருக்கு: மேப். ஒரு மத்தியானம் பேச்சு ஆட்டம் ஆடி கேள்வியைச் சேருங்க, அப்புறம் மேப்புல குறைஞ்சது நாலு தடவை, ரெண்டு தடவைக்கு ஒருக்கா பக்கம் மாத்தி. ஆடுறதுக்கு முன்னாடியே "இது நடந்தா என் கான்செப்ட் தப்பு"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி மடிச்சு கைடுகிட்ட கொடுத்துடுங்க. "கான்செப்ட் நிரூபிக்கப்பட்டது"ன்னு மட்டும் தீசிஸ்ல எழுதிடாதீங்க, நாலு ஆட்டத்துல ஒரு யோசனையை உடைக்கலாம், நிரூபிக்க முடியாது.

கோடிங் நண்பருக்கு: உங்க பைத்தான் வேணும், ஆனா ரெண்டாவதா. மேப்புல ஆடினவங்க எந்த இடத்துல "இது தெரியலையே"ன்னு முழிச்சாங்களோ அந்த நம்பரை மட்டும் எடுத்து ஓட்டுங்க. வர்க்க விதி, நேர் விதி ரெண்டுலயும் ஓட்டி ரெண்டு கிராஃபையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க, ஒண்ணை மட்டும் காட்டாதீங்க.

ஹாபி கேமருக்கு: உங்க கட்சிதான் நானும், ஆனா உங்களுக்குப் பிடிச்ச ரூலை நீங்களே எழுதி நீங்களே அம்பயரா உக்காராதீங்க. கான்செப்ட் பிடிக்காத ஒருத்தனைக் கூப்பிட்டு அம்பயராக்குங்க, அதுவும் முடியலன்னா எதிராளியா உக்கார வைங்க.

லிவர்பூல் மாதிரி ஆட திரைக்கு என்ன பண்றதுன்னு கேட்டீங்கன்னா, கொடியில பழைய பெட்ஷீட்டைத் தொங்கவிட்டு கண்ணு மட்டத்துல ஓட்டை போட்டா போதும், தரையில பச்சை சாக்பீஸ். சிவப்பு சிமெண்ட் தரையா இருந்தா பச்சை அவ்வளவாத் தெரியாது, நமக்கு வேண்டியதும் அதுதான், மொசைக்னா வேற கலர் பாத்துக்கணும். பெட்ஷீட் பழசுதானான்னு மட்டும் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, நான் கேக்கல.